மிலாறுப் புகையும் பீலித் தண்ணீரும்: ஊவாத் தோட்டங்களில் சுற்றாடல் மாசு

நான் படித்த பாடப்புத்தகத்தில் சுற்றாடல் மாசு என்றொரு பாடம் இருந்தது. வளி, நீர், நிலம், ஒலி என்று நான்கு தலைப்புகள். வளி மாசுக்குப் போட்டிருந்த படத்தில் உயரமான தொழிற்சாலைப் புகைபோக்கிகளும் கறுப்புப் புகை கக்கும் பஸ் ஒன்றும் இருந்தன. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளிப் பலகையில் குந்திக்கொண்டு, குப்பி விளக்கில் அந்தப் பாடத்தைப் பாடமாக்கினேன். மழைக்காலம். வெட்டிய தேயிலைக் கிளை விறகான மிலாறு ஈரம் காயாமல் புகைந்தது. அம்மா ஊதுகுழலை வைத்து ஊதிக்கொண்டே இருந்தார். நான் கண்ணைக் கசக்கிக் கசக்கி, வளி மாசு என்றால் என்னவென்று சத்தம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். மாசு கொழும்பில் இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன், வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

பதுளை, மொனராகலை என்ற இரண்டு மாவட்டங்கள் சேர்ந்தது ஊவா. அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை, பசறை, மடுல்சீமை என மலைகளில் தேயிலை. வெலிமடை, ஊவா பரணகமைப் பக்கம் மரக்கறியும் உருளைக்கிழங்கும். கீழே மகியங்கனை, கிராந்துருகோட்டையில் நெல். உமா ஓயாவும் பதுளு ஓயாவும் இந்த மேட்டிலிருந்து இறங்கி மகாவலியில் விழுகின்றன. இப்படிப்பட்ட இடத்தில் மாசைப் பாடப்புத்தகத்தின் நான்கு தலைப்புகளில் பிரித்துப் பார்த்தால், எது யாருடைய உடம்பில் போய்ச் சேருகிறது என்பது தெரியாமலே போய்விடும். ஒரு தொழிலாளியின் நாளோடு கூடவே நடந்தால் தெரியும். விடிய நான்கு மணிக்கு அடுப்பு, பிறகு தண்ணீர் விழும் பீலி, பிறகு தேயிலை மலை, சிலருக்கு ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலை, இரவில் தகரத்துக்கோ அஸ்பெஸ்டஸ் சீட்டுக்கோ கீழே தூக்கம். ஏறக்குறைய அந்த ஒழுங்கிலேயே போகிறேன்.

லயத்துக் காம்பரா சுமாராகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு. அடுப்பு சில வீடுகளில் இஸ்தோப்பின் மூலையில், சில வீடுகளில் உள்ளே. அப்புத்தளை மாதிரி உயரமான இடங்களில் குளிரும் காற்றும் தாங்காமல் கதவையும் யன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டுத்தான் சமையல். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து பெண்கள் தலையில் சுமந்து வரும் மிலாறுதான் பெரும்பாலான வீடுகளின் விறகு. பதுளைப் பக்கத்துக்குப் பெருமழை ஐப்பசியிலிருந்து தை வரைக்கும். குளிர் கூடும் மாதங்களும் அவையே, விறகு ஈரமாக இருக்கும் மாதங்களும் அவையே.

ஈர விறகு முழுதாக எரியாது. எரியாமல் மிஞ்சுவது நுண்துகளாகவும் கார்பன் மொனொக்சைட்டாகவும் பென்சீன், ஃபோமல்டிஹைட் போன்ற நச்சு வாயுக்களாகவும் அந்தப் பத்தடி அறைக்குள் சுற்றுகிறது. 2.5 மைக்ரோனுக்கும் சிறிய துகள்கள் மூக்கு மயிரிலும் தொண்டைச் சளியிலும் தங்குவதில்லை. நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரைக்கும் போய், அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய அளவின்படி ஒரு கன மீற்றர் காற்றில் இந்தத் துகள் வருட சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. புகைபோக்கி இல்லாத விறகடுப்பு எரியும் நேரத்தில் அடுப்படியில் அது நூற்றுக்கணக்கில் போகும். வீட்டுக்குள்ளே எழும் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் 32 இலட்சம் பேர் இறந்ததாக அதே நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மாரடைப்பு, பாரிசவாதம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, நுரையீரல் புற்றுநோய், பிள்ளைகளின் நிமோனியா, கண்ணில் வெள்ளை படர்தல் என்று அந்தப் புகையின் பட்டியல் நீளம்.

தோட்டத்து மருந்துக் காம்பராவில் இந்த நோய்களுக்கு வேறு பெயர்கள். முட்டு, இழுப்பு, சளிக்கட்டு, "பனி ஒத்துக்கல்ல". வாழ்நாளில் ஒரு பீடிகூடக் குடிக்காத அறுபது வயதுப் பெண், பத்துப் படி ஏறிவிட்டு நின்று மூச்சு வாங்குவார். அவரிடம் யாரும் அடுப்பைப் பற்றிக் கேட்பதில்லை. மலைக்குப் போகுமுன் இரண்டு மணி நேரம், வந்த பின் இரண்டு மணி நேரம், அதுவும் மடியிலோ முதுகிலோ ஒரு பிள்ளையோடு. ஐம்பது வருடம் அப்படி.

பரிகாரம் இல்லாமல் இல்லை. இலங்கையிலேயே உருவாகிப் பரவிய இரட்டை வாய் மண் அடுப்பான 'அனகி' விறகைக் கணிசமாக மிச்சம் பிடிக்கும். ஆனால் அதற்குப் புகைபோக்கி கிடையாது. புகை குறையும், வெளியே போகாது. கேஸ் அடுப்பு வாங்கியவர்கள் பலர் 2022இல் திரும்பவும் மிலாறுக்கே வந்தார்கள். அந்த வருடம் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 5000 ரூபாயை நெருங்கியது. தோட்டத்தில் அப்போது நாட்சம்பளம் 1000 ரூபாய். அரைநாள் சம்பளமான அரைப்பேர் விழாமல் முழுதாக ஐந்து நாள் உழைத்தால் ஒரு சிலிண்டர். புகை உடம்புக்குக் கூடாது என்று அந்த வீட்டுக்கு யாராவது போய் விளக்கவுரை நடத்தினால் அது அநியாயம்.

வெளிக்காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பதுளை நகரம் நமுனுகுல உட்பட எல்லாப் பக்கமும் மலை சூழ்ந்த கிண்ணத்துக்குள் இருக்கிறது. குளிர்ந்த காலைகளில் பஸ், முச்சக்கரவண்டிப் புகை மேலே எழும்பாமல் அங்கேயே கிடக்கும். ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது பிள்ளைகளின் மூளைக்குச் செய்த பெரிய நன்மை. அதை யாரும் நினைவுபடுத்துவதில்லை. 2022 டிசம்பரில் வட இந்தியப் பக்கத்திலிருந்து வந்த தூசுப் படலம் நாட்டையே மூடியபோது பாடசாலைகளுக்கு ஒரு நாள் விடுமுறை விட்டார்கள். காற்றின் தரம் பற்றிச் சாதாரண சனம் பேசியதை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

ஊவாவுக்கே உரிய வெளிப்புகை ஒன்று உண்டு. ஆடி ஆவணியில் மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்க, இந்தப் பக்கம் ஈரமில்லாத காற்று இறங்கி வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுத்த வாசனை அந்தக் காய்ந்த காற்றில்தான் இலையில் ஊறுகிறது. அதே காற்றில்தான் மானாப்புல் மலைகள் தீப்பிடிக்கின்றன. மாட்டுக்குப் பச்சைத் தளிர் வேண்டும் என்று வைப்பவர்களும் உண்டு, வேட்டைக்கு வைப்பவர்களும் உண்டு, பீடித் துண்டைப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. எல்லப் பக்கத்து மலைகளில் இரவில் தீ வரிசையாக ஊர்வதைத் தூரத்திலிருந்து பார்த்தால் அழகு. கீழே லயத்தில் படுத்திருக்கும் இழுப்புக்காரருக்கு அது மூன்று நான்கு நாள் மூச்சுத் திணறல். எரிந்த மலையில் முதல் மழை விழும்போது சாம்பலும் மேல்மண்ணும் சேர்ந்து பீலிக்கு வரும்.

ஸ்டோரில் வேலை செய்கிறவர்களின் காற்று வேறு. கொழுந்து உலர்த்தும் அடுப்பும் விறகுதான். ஆனால் அதற்குப் புகைபோக்கி உண்டு. மெசினுக்குக் கட்டப்பட்ட புகைபோக்கி மனிதருக்கு ஏன் கட்டப்படவில்லை என்ற கேள்வியை நான் பெரியவனான பிறகுதான் கேட்கத் தொடங்கினேன். சலிக்கும் அறையில் பறக்கும் தேயிலைப் பஞ்சுத் தூசு ஆஸ்துமாவைக் கிளப்பும் என்பதை இலங்கையின் நெஞ்சுநோய் மருத்துவர் சி. ஜி. உரகொட 1970இலேயே எழுதினார். தேயிலை தயாரிப்பவரின் ஆஸ்துமா என்றே அதற்குப் பெயர் வைத்தார். 1980இல் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் பற்றி மறுபடியும் எழுதினார். உலகம் முழுக்கத் தொழில்நோய் மருத்துவத்தில் மேற்கோள் காட்டப்படும் அறிவு அது. சலிக்கும் அறையில் நிற்கும் பெண்களில் இன்றும் எத்தனையோ பேர் சேலைத் தலைப்பால்தான் மூக்கை மூடுகிறார்கள். ஒலி மாசையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கொழுந்து உருட்டும் ரோலர்களுக்குப் பக்கத்தில் பல வருடம் நின்ற ஒருவரோடு நீங்கள் பேசினால், அவர் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்வார்.

இனித் தண்ணீர். இதில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

தோட்டத்துக்குத் தண்ணீர் மலையின் ஊற்றிலிருந்து வருகிறது. ஊற்றைக் கட்டி, குழாய் போட்டு, லயத்துக்குக் கீழே பீலியாக விழவிடுவார்கள். குளிப்பும் துவைப்பும் குடத்தில் பிடிப்பதும் ஊர்க்கதையும் எல்லாம் பீலிக்கரையில்தான். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், குடித்தால் இனிக்கும். அந்த ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஏறிப் பார்த்தால்தான் கதை விளங்கும். மேலே இன்னொரு லயம். அதன் கக்கூஸ் குழி. அதற்குப் பக்கத்தில் மாட்டுத் தொழுவம். அதற்கும் மேலே மருந்தடித்த மலை. மழை பெய்தால் இத்தனையும் கானில் இறங்கி மண்ணுக்குள் ஊறி, அடுத்த நாள் கண்ணாடி போலவே பீலியில் விழும். வயிற்றோட்டம், செங்கமாரி, நெருப்புக்காய்ச்சல் எல்லாம் ஒரே வரிசை லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வருவது இப்படித்தான். குளோரின் போட்டுப் பாதுகாத்த குழாய்நீர் நகரத்தில் பழைய செய்தி. தோட்டங்களில் அது இன்னும் எல்லா லயத்துக்கும் வந்து சேரவில்லை.

இந்தக் கதைக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. 1916இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. வெறுங்காலோடு மண்ணில் நடக்கும் தொழிலாளரின் பாதத் தோல் வழியே நுழைந்து, குடலில் கொக்கி போட்டு இரத்தம் குடிக்கும் புழு அது. மனிதக் கழிவு கலந்த மண்தான் அதன் வீடு. மருந்து கொடுத்தார்கள், புழு போனது. கக்கூஸ் கட்டும் செலவை யார் ஏற்பது என்பதில் தோட்டத் துரைமார் பின்னுக்கு நின்றார்கள், புழு திரும்பி வந்தது. மண்ணைச் சுத்தமாக்காமல் உடம்பை மட்டும் சுத்தமாக்கப் பார்த்த அந்த முயற்சியின் மறுபதிப்பை நம் காலத்திலும் பார்த்தோம். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு 1994 முதல் பத்து வருடத்துக்கு மேல் புழு மாத்திரை கொடுத்த பின், 2009இல் பரிசோதித்துப் பார்த்தபோது பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்று பேரின் வயிற்றில் இன்னும் புழு இருந்தது.

புழுவும் அடிக்கடி வரும் வயிற்றோட்டமும் பிள்ளை தின்ற சோற்றைத் திருடிக்கொள்கின்றன. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டங்களில் 32 வீதம். இந்த வித்தியாசத்தைப் போசாக்குக் குறைவு என்றுதான் எழுதுகிறார்கள். தாய்மாருக்கு என்ன சமைப்பது என்று வகுப்பு எடுக்கிறார்கள். சோறு போதாமை ஒரு பகுதிதான். தண்ணீரும் மண்ணும் அசுத்தமானால் குடலின் உட்சுவர் அழன்று, தின்றதில் ஒரு பகுதி உடம்பில் ஒட்டாது. மாசுக்கும் பிள்ளையின் உயரத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒட்டியிருக்கும் நிறை, உயர அட்டவணையில் எழுதப்படுவதில்லை.

தண்ணீர் குறைந்தாலும் மாசுதான். 2014 இறுதியில் உமா ஓயா நீர்மின் திட்டத்தின் சுரங்கம் பண்டாரவளைப் பக்கம் நிலத்தடி நீரை உடைத்தது. சுரங்கத்துக்குள் வெள்ளமாகப் பாய்ந்த நீர் மேலே கிணறுகளிலும் ஊற்றுகளிலும் இருந்து போனது. வீட்டுச் சுவர்கள் வெடித்தன, கிணறுகள் வற்றின. 2017இல் பண்டாரவளை வீதியில் இறங்கிப் போராடியது. 120 மெகாவாட் மின்சாரத்தோடு 2024 ஏப்ரலில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. மின்சாரம் நாட்டுக்குத் தேவை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஊற்று வற்றிய வீட்டில் பவுசர் வரும்வரை இரண்டு குடத்தை வைத்து நாளைத் தள்ளும்போது கை கழுவுவதுதான் முதலில் நின்றுபோகும். கை கழுவாத வீட்டில் என்ன வருத்தம் வரும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

குப்பைக்கும் இதே தண்ணீரோடு சம்பந்தம் உண்டு. 2017இல் லன்ச் சீட்டைத் தடை செய்தார்கள், 2021இல் சிறிய பைக்கற்றுகள் சிலவற்றை. தோட்டத்துக் கடையில் சம்பூவும் பாக்கும் இன்னும் பைக்கற்றில்தான் தொங்குகின்றன, வெறும் உறைகள் கானில் கிடக்கின்றன. அள்ளிப் போக வண்டி கிடையாது. அதனால் எரிக்கிறார்கள். பொலித்தீனும் பழைய பிளாஸ்டிக்கும் மிலாறோடு சேர்ந்து எரியும் புகையில் டயொக்சின் இருக்கும். வண்டி ஏன் வரவில்லை என்பதற்கு விடை சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவழிப்பதைத் தடுத்துவைத்திருந்தது. தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த உறுப்பினரே அவர்களுடைய கானைத் துப்புரவாக்க முடியாத நிலை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பத்தொரு வருடம்.

மலைக்குப் போவோம். 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது முதல் செப்புக் கலவை மருந்து அடிக்கத் தொடங்கினார்கள். பிறகு வந்தவை புல்லு மருந்துகள். பழைய ஆட்கள் கிரமக்சோன் என்று ஒரே பெயரால் எல்லாவற்றையும் சொல்வார்கள். டாங்கியை முதுகில் மாட்டிய ஒருவரை ஒரு நாள் முழுக்கப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மூடியின் வாசர் தேய்ந்து, நடக்க நடக்க மருந்து ததும்பி முதுகில் வழிந்தது. சட்டை ஈரம். தான் அடித்த புல்லுக்குள்ளேயே முன்னால் நடந்ததால் கால்சட்டை முழங்கால் வரை ஈரம். கையுறை கொடுத்திருந்தார்கள். வெயிலில் வியர்த்து வழுக்குகிறது என்று அதைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தார். பத்து மணித் தேத்தண்ணியை அந்தக் கையாலேயே வாங்கிக் குடித்தார். வேலை முடிந்து டாங்கியைக் கழுவியது ஊற்றோடையில்.

நாக்கில் படாவிட்டால் நஞ்சு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஓகனொபொஸ்பேட் வகை மருந்துகள் தோல் வழியாகவே உள்ளே போகும். நரம்புக்கும் தசைக்கும் நடுவே செய்தியை நிறுத்தும் நொதியை முடக்குவதால் வியர்வை, வாயூறல், கண்மணி சுருங்குதல், தசைத் துடிப்பு, கடைசியில் மூச்சு நிற்றல் வரை வரும். பரகுவாட் நுரையீரலைத் தழும்பாக்கும். இந்த மருந்துகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததன் இன்னொரு விளைவை மலையகத்தில் பேசத் தயங்குவோம். பேசித்தான் ஆக வேண்டும். 1995இல் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு 47 தற்கொலைகள் நடந்தன. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அவற்றில் பெரும்பகுதி பீடைகொல்லியால். ஒரு நிமிடக் கோபம், ஒரு குடும்பச் சண்டை, காம்பரா மூலையில் ஒரு போத்தல். 1995இல் மிக நச்சான மருந்துகளையும், 1998இல் எண்டோசல்பானையும், 2008 முதல் 2011க்குள் டைமெதொயேட், பென்தியோன், பரகுவாட் ஆகியவற்றையும் தடை செய்தார்கள். கோபம் குறையவில்லை, சண்டை குறையவில்லை, சாவு குறைந்தது. இருபது வருடத்தில் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சுற்றாடலிலிருந்து ஒரு நஞ்சை அகற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்துக்கு நம் நாடு காட்டிய எடுத்துக்காட்டு இது. இதைச் செய்த பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகத்துக்கும் மருத்துவர்களுக்கும் இந்த மலை கடன்பட்டிருக்கிறது.

எல்லாத் தடையும் இப்படி முடியவில்லை. 2015இல் கிளைபொசேட் நிறுத்தப்பட்டது. அந்த வருடம்தான் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் அதைச் சேர்த்தது. தடைக்கு இங்கே சொல்லப்பட்ட காரணம் சிறுநீரக நோய். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள். 2021இல் இரசாயனப் பசளை, மருந்து எல்லாவற்றையும் ஒரே இரவில் நிறுத்தினார்கள், சில மாதங்களில் பின்வாங்கினார்கள். 2022இல் கிளைபொசேட் தடையும் நீங்கியது. இந்தப் போக்குவரத்துக்கு நடுவில் மலையில் என்ன நடந்தது? புல்லு வெட்ட ஆள் போடாமல் மருந்தை மட்டும் நிறுத்தினார்கள். தேயிலை மறையக் காடு வளர்ந்தது. கொழுந்துக்குப் போன பெண்கள் குளவிக்கும் பாம்புக்கும் அட்டைக்கும் நடுவில் கையை நீட்ட வேண்டியிருந்தது. நஞ்சை நிறுத்துவதற்கு முன்னால், அந்த நஞ்சு செய்துவந்த வேலையை எந்தக் கை செய்யப்போகிறது, என்ன கூலிக்கு என்பதைத் தீர்மானித்திருக்க வேண்டும். 1995இல் நச்சு குறைந்த மாற்று மருந்து கடையில் இருந்தது. 2021இல் எதுவும் இருக்கவில்லை.

சிறுநீரக நோய் என்றேன். அது ஊவாவின் அடிவாரத்துக் கதை. பதுளை மாவட்டத்திலேயே, ஆனால் தோட்டங்களிலிருந்து வெகுதூரம் கீழே, கிராந்துருகோட்டை இருக்கிறது. மகாவலித் திட்டத்தின் 'சி' வலயத்தில் குடியேறிய நெல் விவசாயிகள் வாழும் ஊர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாமலே சிறுநீரகம் சுருங்கிச் சாகும் நோய்க்கு, வடமத்திய மாகாணத்து மெதவச்சி, பதவியா போல, இதுவும் ஒரு மையம். உலக சுகாதார நிறுவனமும் சுகாதார அமைச்சும் சேர்ந்து செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, பாதிக்கப்பட்ட பகுதிகளில் 15 முதல் 70 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 15 வீதம் பேருக்கு இந்த நோய் இருப்பதாகச் சொன்னது. கட்மியம், ஆர்செனிக், கிளைபொசேட், புளோரைட், நீரின் கடினத்தன்மை, வெயிலில் உடல் வற்றுதல் என்று ஒவ்வொரு காரணமும் மாறி மாறிக் குற்றக்கூண்டில் ஏற்றப்பட்டது. மேட்டில் தூவும் பசளைதான் உமா ஓயா வழியாக இறங்கி அவர்களின் சிறுநீரகத்தைத் தின்கிறது என்று மேடையில் பேசுவது சுலபம். நானும் ஒரு காலத்தில் அப்படி நம்பினேன். வெலிமடை மரக்கறித் தோட்டங்களிலிருந்து மண்ணும் பசளையும் அடித்து வந்து ரந்தம்பை நீர்த்தேக்கத்தைத் தூர்த்திருப்பது உண்மை. ஆனால் அந்த ஊர்களில் நோய் அதிகம் தாக்கியது கடின நீருள்ள கிணறுகளைக் குடித்தவர்களை. ஊற்று நீர் குடித்த பக்கத்துக் குடும்பங்கள் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. பல காரணங்கள் சேர்ந்து அடிக்கின்றன என்பதே இன்று பல ஆய்வாளர்கள் வந்து நிற்கும் இடம். அதனால்தான் இப்போது சுத்திகரித்த குடிநீர் நிலையங்களை ஊர் ஊராக வைக்கிறார்கள். காரணம் முழுதாகப் பிடிபடும்வரை காத்திருக்காமல் தண்ணீரை மாற்றியது சரியான முடிவு. அதே முடிவைத் தோட்டத்துப் பீலிக்கு எடுக்க இத்தனை வருடமாக என்ன தடை?

கடைசியாகத் தலைக்கு மேலே. பழைய லயத்துத் தகரம் துருப்பிடித்து ஒழுகினால் அஸ்பெஸ்டஸ் சீட்டைப் போடுவது வழக்கம். விலை குறைவு, சத்தம் குறைவு, வெயிலில் தகரம் அளவுக்குச் சுடாது. சீட்டு உடையாமல் இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. அறுக்கும்போது, துளைக்கும்போது, உடைந்து மக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கல்நார் இழை பறக்கிறது. சுவாசித்த இழை நுரையீரலில் கிடந்து இருபது, நாற்பது வருடம் கழித்துப் புற்றுநோயாக எழும்பும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் உறுதியான முடிவு. லயத்தில் உடைந்த சீட்டுத் துண்டு கோழிக்கூட்டுக்குக் கூரையாகிறது, பிள்ளைகளின் விளையாட்டு வீட்டுக்குச் சுவராகிறது, கானுக்குக் குறுக்கே பாலமாகிறது.

இலங்கை 2018 தை மாதம் முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி 2024க்குள் முற்றாக நிறுத்தத் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதி ஒன்றில் கப்ரா வண்டு இருந்ததென்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. இலங்கைக்குக் கல்நார் அனுப்பும் முக்கிய நாடு ரஷ்யா. கொழும்பு கல்நார்த் தடையை ஒத்திவைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடை நீங்கியது. தேயிலைக்குச் சந்தை போனால் தோட்டத்துச் சனம் பட்டினி கிடக்கும் என்பது உண்மைதான், அந்த நாட்களில் நானும் பயந்தேன். ஆனால் அந்த விலை பேசப்பட்டபோது, கொழுந்தும் அவர்கள் பறித்தது, சீட்டுக்குக் கீழே படுப்பதும் அவர்கள் என்பதை அந்த மேசையில் யாராவது சொன்னார்களா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அடுப்பு, பீலி, டாங்கி, சலிக்கும் அறை, சீட்டு. இவை எல்லாவற்றுக்கும் சாவி நீண்ட காலமாக ஒரே இடத்தில் தொங்கியது. வீடும் தோட்டத்துடையது, ஊற்றும் தோட்டத்துடையது, மருந்தும் மருந்துக் காம்பராவும் தோட்டத்துடையது. நகரத்தில் ஒருவரின் கிணறு கெட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போகலாம், மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு எழுதலாம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் அவர்களுக்குக் கைகொடுக்கும். தோட்டத்தில் முறைப்பாடு எழுதுபவரின் கூரையும் வேலையும் முறைப்பாட்டுக்குள்ளாகும் நிர்வாகத்தின் கையில். தனிக் காணியில் தனி வீடு கட்டிப் போன குடும்பங்களில் நான் முதலில் கவனித்தது சமையலறையைத்தான். வீட்டுக்குப் பின்னால் தள்ளிக் கட்டியிருந்தார்கள், ஒரு பக்கம் திறந்து, புகைபோக்கி வைத்து. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நிலம் தங்களுடையது என்றானதும் அவர்களாகவே செய்தார்கள்.

அம்மாவின் கிளினிக் கொப்பிகள் நான்கு என்னிடம் இருக்கின்றன. இருபது வருடத்துக் கையெழுத்துகள், முத்திரைகள், மாத்திரைப் பெயர்கள். எந்தப் பக்கத்திலும் அடுப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுதியவர்கள் நல்ல மனிதர்கள், வரிசையில் நூறு பேரை வைத்துக்கொண்டு எழுதினார்கள். கேட்கும்படி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பதுளையிலோ பசறையிலோ கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் மூன்று வரியைச் சேர்க்கப் பெரிய நிதி தேவையில்லை. சமைப்பது விறகிலா, கேஸிலா? குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதற்கு மேலே என்ன இருக்கிறது? கூரை தகரமா, ஓடா, சீட்டா? மருந்தடிக்கிற ஆளாக இருந்தால் நான்காவதாக ஒன்று: வேலை முடிந்ததும் டாங்கியை எங்கே கழுவுகிறீர்கள்?